பல்லியம் கேட்ட இன்பம்

நாதசுரத்திலும் வீணையிலும் பழகிய செவிக்கு மேனாட்டுப் பல்லியம் முதலிற் பேரொலியாகவே தோன்றுதல் இயல்பு. கொழும்பிலுள்ள நம் நாட்டுச் சிம்பொனி இசைக்குழுவை அரங்கிலே நேரிற் கேட்டபோதுதான் அதன் சுவை எனக்குப் புலனாயிற்று.

கச்சேரி தொடங்குமுன் ஓபோ என்னும் துளைக்கருவி ஒரே சுரத்தை நீட்டி ஒலிக்கும். வயலின் முதல் எக்காளம் வரை அனைத்தும் அதனோடு சுருதி சேரும். நம் தம்புரா இறுதிவரை மீட்டி நினைவூட்டும் சுருதியை இவர்கள் நெஞ்சிலே தாங்கிக்கொள்கின்றனர். பின்னர் ஒவ்வொருவரும் வெவ்வேறு சுரம் இசைப்பினும் ஒருவரையொருவர் கெடுப்பதில்லை. இசைத்தட்டு ஒலியை மட்டுமே தரும். பிறர் வாசிப்புக்குச் செவிகொடுத்துத் தம் முறைக்குக் காத்திருப்போரை அரங்கிலன்றோ காணலாம்!

இக்குழு தோன்றியது 1958இல். இனக்கலவரத்தால் நாடு துயருற்ற அதே ஆண்டு. வேறுபட்ட குரல்கள் ஒரு சுருதியில் நிற்பதைக் கண்ணாரக் காண்பது சிறிய இன்பமன்று. மாணவ நண்பர்களே, ஒரு மாலையேனும் சென்று கேட்பீர்களாக.