மேம்படுத்தலில் தொலைந்த சாவி

லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் அதன் பெருமைகளை நிறையவே எழுதுவார்கள். விலையில்லை, வைரஸ் தொல்லை குறைவு, பழைய கணனியிலும் இயங்கும் என்பார்கள். அவையெல்லாம் உண்மையே. ஆனால் அதன் மென்பொருட் பொதிகளை மேம்படுத்துகையில் ஏற்படும் சலிப்பைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு.

லினக்ஸில் ஒரு மென்பொருள் தனித்து வாழ்வதில்லை. அது வேறு பல நிரல் நூலகங்களில் தங்கியிருக்கும். அந்நூலகங்களோ இன்னும் பலவற்றில் தங்கியிருக்கும். கூட்டுக்குடும்பம் போன்றதோர் ஏற்பாடு இது. ஒருவரை இடம்மாற்ற முனைந்தால் வீடு முழுவதுமே எழும்பி நடமாடத் தொடங்கிவிடும்.

1993 இல் ஆரம்பிக்கப்பட்ட டெபியன், லினக்ஸ் வகைகளுள் மூத்தவற்றில் ஒன்று. அதனை அடியொற்றி அமைந்த ஒன்றே எனது கணனியில் இருக்கிறது. டெபியனின் 12 ஆவது பதிப்பு 2023 யூன் மாதத்தில் வெளிவந்தபோது, பைத்தன் 2 என்ற நிரல்மொழி அதிலிருந்து முற்றாக நீக்கப்பட்டிருந்தது. அதன் வழியில் எனது இயங்குதளமும் மேம்பட்டது. நூற்றுக்கணக்கான பொதிகள் ஒழுங்காகவே வந்திறங்கின. எல்லாம் முடிந்தபோது பைத்தன் 2 மட்டும் அங்கில்லை.

அதனால் ஒரு பத்திரிகையாளனுக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். யுனிக்கோடு பரவலாவதற்கு முன்னர் நாம் பாமினி எழுத்துருவிலேயே எழுதினோம். பாமினியில் எழுதப்பட்டவை கணனியைப் பொறுத்தவரை தமிழே அல்ல; வெறும் ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் உருவத்தை அணிவிப்பது எழுத்துரு மட்டுமே. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். எனது பழைய கட்டுரைகளும் செவ்விகளுமாகச் சுமார் 600 கோப்புகள் இந்நிலையில் இருந்தன. அவற்றை யுனிக்கோடுக்கு மாற்றுவதற்கென மருமகன் ஒருவர் 2007 இல் சிறியதொரு நிரலை எழுதித் தந்திருந்தார். தேவைப்பட்ட கட்டுரையை அவ்வப்போது அதன்மூலம் மாற்றி எடுத்துக்கொள்வேன். அந்நிரல் பைத்தன் 2 இல் எழுதப்பட்டது.

பைத்தன் 3 வெளிவந்தது 2008 டிசெம்பரில். பைத்தன் 2 இற்கான ஆதரவு முடிவுக்கு வந்தது 2020 சனவரி 1 இல். 11 ஆண்டு அவகாசம் வழங்கப்பட்டதால் எவரையும் குறைகூற முடியாது. ஆயினும் இவ்விரண்டுக்குமிடையிலான மாற்றங்களுள் முக்கியமானது எழுத்துகளைக் கையாளும் முறையே என்பது கவனிக்கத்தக்கது. உலக மொழிகள் அனைத்தையும் சீராகக் கையாள்வதற்கெனச் செய்யப்பட்ட திருத்தம் அது. தமிழுக்கு நன்மை செய்ய வந்த திருத்தமே எனது தமிழ்க் கட்டுரைகளைத் திறக்கும் சாவியைப் பறித்துவிட்டது!

பழைய பதிப்புக்குரிய பைத்தன் 2 பொதியை இறக்கி நிறுவ முயன்றேன். அது ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.1 பதிப்பைக் கேட்டது. புதிய இயங்குதளத்தில் இருப்பதோ 3 ஆவது பதிப்பு. பழையதைத் தேடிச் சென்றால் அடுத்த நூலகம் ஒன்று குறுக்கே நின்றது. இரண்டு மாலைப்பொழுதுகள் இவ்வாறே கழிந்தன. ஈற்றில் மருமகனுக்கே தொலைபேசி எடுத்தேன். "அதை எழுதினதே மறந்துபோச்சு மாமா. அனுப்புங்கோ, பாப்பம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே திருத்தியும் அனுப்பினார். 600 கோப்புகளும் இன்று யுனிக்கோடில் இருக்கின்றன.

மருமகன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பெரிய மென்பொருள்களைப் புதுப்பிப்பதற்கு நிறுவனங்களும் தொண்டர்களும் இருக்கிறார்கள். சிறியதொரு மொழிச் சமூகத்தின் ஒரு தேவைக்காக ஒருவர் எழுதிய நிரலுக்கு அவர் ஒருவரே துணை. அவர் மறந்தால் நிரல் நிற்கும். நிரல் நின்றால் எழுத்தும் மௌனமாகும். மேம்படுத்தலின் உண்மையான விலையைச் செலுத்துபவர்கள் இத்தகையவர்களே.

என்னோடு பாமினியில் எழுதிய சக பத்திரிகையாளர் சிலர் இன்று உயிருடன் இல்லை. அவர்களது எழுத்துகள் பிள்ளைகளின் வீட்டு அலுமாரிகளில் இறுவட்டுகளாகக் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருக்குமாயின், அதனை வாசிக்கத் தெரிந்த நிரலொன்று எங்காவது இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றி எடுத்துவிடுங்கள். அடுத்த மேம்படுத்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.