கட்டிய பணம் கட்டத்தில் ஏறும்வரை

தங்கள் கடன் பதிவைக் காட்டும் சிபில் அறிக்கையை என்னிடம் நீட்டுகிறவர்கள் உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முதல் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். ஸ்கோர் இருப்பது அங்கேதான். 300-இல் தொடங்கி 900 வரை போகும் அந்த எண்ணை அவர்கள் செல்போனில் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோய்த்தான் வந்திருப்பார்கள். எனக்கு வேண்டியது பின்பக்கங்களில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனிக் கணக்கு, அதன் கீழே மாதவாரியாக 36 மாதங்கள் வரை கட்டங்கள்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றபின் திருப்பூர்ப் பக்கம் இப்படி அறிக்கைகளைப் படித்து வழி சொல்லும் வேலையைச் செய்துவருகிறேன். வருகிறவர்களில் கடனை ஏமாற்றியவர்கள் குறைவு. பெரும்பாலோர் கட்டி முடித்தவர்கள். "எல்லாத்தையும் கட்டிட்டனுங்க சார், அப்புறம் எதுக்குங்க லோன் இல்லைங்கறாங்க?" இந்தக் கேள்வியில் இருக்கும் வலி நியாயமானது. நகையை விற்று, பங்காளியிடம் கைநீட்டி, ஓவர்டைம் பார்த்துக் கட்டியவர்களுக்கு அதற்குப் பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்று யாருமே சொல்வதில்லை.

பணம் போய்ச் சேர்வது கடன் கொடுத்தவரிடம். பதிவு இருப்பது வேறிடத்தில். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் நாட்டில் நான்கு நிறுவனங்கள் இந்தப் பதிவுகளை வைத்திருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். குறைந்தது ஏழு ஆண்டுகள் அவை தகவலைக் காத்துவைக்க வேண்டும். நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதைப் போல, கடன் கொடுக்கிறவர் நம் பெயருக்குப் போட்டுப் பார்க்கும் வில்லங்கம் இது. அடமானக் கடனை அடைத்துவிட்டாலும், ரசீது ஆவணம் பதிவாகும்வரை வில்லங்கத்தில் அந்தப் பதிவு நிற்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிபிலும் அப்படித்தான் என்று சொன்னால் பாதி குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

கட்டங்களை வாசிப்பதுதான் என் தொழிலின் மையம். 000 என்றிருந்தால் அந்த மாதம் பாக்கி இல்லை. 30, 60 என்றிருந்தால் அத்தனை நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் வரிசைக்குப் போய்விடும். இந்த எண்களை மனிதரோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஒருவருடைய எல்லாக் கணக்கிலும் ஒரே மாதத்தில் தாமதம் தொடங்கினால் அன்று வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. வேலை போயிருக்கும், ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கும். ஒரு கணக்கு மட்டும் கெட்டு மற்றவை சுத்தமாக இருந்தால் அந்தக் கடனில் ஏதோ தகராறு. மாதாமாதம் இரண்டு மூன்று நாள் மட்டும் பிந்தினால் வருமானம் வரும் நாளும் டியூ தேதியும் பொருந்தவில்லை. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைச் சம்பளம். டியூ 5-ஆம் தேதி. செவ்வாய்க்கிழமை 5-ஆம் தேதி வந்தால், சனிக்கிழமை வந்த பணம் மளிகைக்கும் வாடகைக்கும் போய், கணக்கில் பணமில்லாமல், தானாகப் பிடிக்கும் தவணை திரும்பிவிடும். இவர்களிடம் ஒழுங்கு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். டியூவுக்கென்று தனியாக ஒரு கணக்கை வைத்து, சனிக்கிழமைதோறும் கால் பங்கை அதில் போட்டுவிடச் சொல்வேன். அதன்பிறகு தவறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

2020-இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு இருந்ததல்லவா? அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. கடைசித் தவணையைக் கட்டிவிட்டதாக நினைத்தவர்கள் பேரில் சிறு தொகை மிச்சம் நின்று, அதுவும் பாக்கியாக ஏறியது. பெரிய கடனை முழுதாகக் கட்டியவரின் பெயர் சில நூறு ரூபாயில் கெட்டிருப்பதைப் பார்ப்பது கொடுமை.

அதைவிடக் கனமான விஷயம் செட்டில்மென்ட். வசூலுக்கு வருகிறவர் சொல்வார்: "ஒரு லட்சத்து இருபதுக்கு எழுபதாயிரம் கட்டிடுங்கண்ணா, இன்னைக்கே கணக்க முடிச்சுடலாம்." நம் ஆள் எழுபதாயிரத்தைப் புரட்டிக் கட்டுவார், கடிதமும் வாங்கிக்கொள்வார். அறிக்கையில் அந்தக் கணக்கு 'செட்டில்டு' என்று ஏறும். 'குளோஸ்டு' என்று ஏறாது. அடுத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது அங்குள்ள அதிகாரி அதைப் படிப்பது ஒரே விதமாகத்தான்: முழுதாக வரவில்லை, மிச்சத்தைக் கடன் கொடுத்தவர் விட்டிருக்கிறார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்; அப்படித்தான் படிப்போம். பணம் வாங்கும் நேரத்தில் இந்த ஒரு தகவலைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சொல்வதில்லை. கடன்காரர் கையில் எழுபதாயிரத்தோடு நிற்கும் அந்த நேரத்தில், இன்னும் ஐம்பதாயிரத்தைத் தவணையாகக் கட்டி முழுதாக முடிக்கிறீர்களா, இப்படியே முடிக்கிறீர்களா என்று கேட்பது அவருக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

ஏற்கெனவே செட்டில் செய்தவர்களுக்கு வழி உண்டு. விட்டுக்கொடுத்த மிச்சத்தைக் கட்டுகிறேன், கணக்கை முழுதாக முடித்ததாகத் திருத்தி அனுப்புங்கள் என்று எழுதிக்கொடுத்து, ஒப்புதலை எழுத்தில் வாங்கியபிறகே பணம் கட்ட வேண்டும். எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று வருடத்தில் வீடு கட்டும் எண்ணம் இருப்பவருக்குச் சொல்வேன். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவரிடம், அதை முதலில் கட்டுங்கள், இது காத்திருக்கட்டும் என்பேன்.

வண்டிக் கடன் இன்னொரு வகை. சின்ன யானை என்கிற சிறு சரக்கு வண்டி வாங்கி டியூ கட்ட முடியாமல் ஃபைனான்ஸில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். "வண்டியவே குடுத்துட்டனுங்க, அப்புறம் என்னங்க கடன்?" வண்டி ஏலம் போன தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதி அவர் பேரிலேயே நிற்கும். ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது, எந்தத் தேதியில் வரவு வைத்தார்கள் என்ற கணக்கை எழுதிக் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிய தாளில் வரவுத் தேதி பிந்தியிருந்து, அதனால் வட்டி கூடியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவில் தவறு இருந்தால் அந்தக் கடன் தகவல் நிறுவனத்திலோ கடன் கொடுத்தவரிடமோ புகார் செய்யலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்குத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அப்படியும் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை நான்கு நிறுவனங்களிடமும் முழு அறிக்கையை இலவசமாகவே வாங்கலாம், அதைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இவ்வளவும் செலவில்லாமல் கிடைக்கும்போது, "சிபில் கிளியர் பண்ணித் தர்றோம்" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் ஆதாரையும் பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு பொறுக்காது. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பொய்யான பதிவைத் திருத்த யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

குழுக் கடனில் இருக்கும் பெண்களுக்கு நான் குறிப்பாகச் சொல்வது: மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனியாகப் பதிவாகிறது. வாராவாரம் கட்டியதற்குக் கையெழுத்து வாங்கிய லோன் கார்டைக் கடன் முடிந்ததும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேசும் ஒரே சாட்சி அதுதான்.

பழையதைச் சரிசெய்தால் மட்டும் போதாது. "இனி கடனே வேண்டாஞ்சார்" என்கிறவர்களை நான் மதிக்கிறேன். கடன் தேவையில்லாதவருக்கு ஸ்கோரும் தேவையில்லை. ஆனால் நாளைக்குக் கடன் கேட்கப்போகிறவர் இன்று ஒதுங்கியே இருந்தால், அறிக்கையில் கடைசியாக நிற்பது அந்தப் பழைய தாமதம்தான். அதற்குமேல் புதிய 000-கள் வரிசையாக வரவேண்டும். வங்கியில் சிறு வைப்புத்தொகை போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குவதைத்தான் முதலில் சொல்வேன். வைப்புத்தொகை பிணையாக இருப்பதால் பழைய பதிவைப் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள். அதில் மளிகையும் கேஸ் சிலிண்டரும் மட்டும் வாங்கி, வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் போட்டிருப்பதை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வட்டி ஏறும். கார்டு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு வங்கியில் சிறிய நகைக்கடன் போதும், அதுவும் பதிவாகிறது. இடையில் நாலு இடத்தில் கடனுக்கு எழுதிப்போடக் கூடாது. ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும், அவசரக்காரர் என்று காட்டும்.

கடன் கொடுப்பவர்கள் 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதனால் கட்டியது இப்போது சீக்கிரம் தெரிகிறது. ஆனாலும் ஆறு மாதத்துக்குள் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புவேன். ஒன்றரை இரண்டு வருடம் கட்டங்கள் சுத்தமாக இருந்தால் வங்கி மேலாளர் உட்காரச் சொல்லிப் பேசுவார்.

கிளம்பும்போது ஒரு ஃபைலில் போட்டுவைக்கச் சொல்லும் தாள்கள் இவை: பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவர் தரும் என்.ஓ.சி., கடைசி ரசீது, கணக்கு அறிக்கை, வண்டியாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி. என்கிற கடன் குறிப்பை ரத்துசெய்த ஆர்.சி. புத்தகம். கடன்கள் வேறு நிறுவனங்களுக்குக் கைமாறுகின்றன. பல வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து பாக்கி இருக்கிறது என்பார். அப்போது அந்த என்.ஓ.சி.யின் நகலை அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். போனில் வாக்குவாதம் வேண்டாம், ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.