மதிலுக்குள் கேட்ட தமிழ்

காலி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு குரல். "தங்கச்சி, வெயில் ஏற முந்தி மேல ஏறிருவோம்." மதிலும் கடலும் வெளிச்சவீடும் அதற்குப் பிறகுதான்.

அக்கா குடும்பத்தோடு டொரொன்டோவிலிருந்து வந்திருந்த ஓகஸ்ட் மாதம் அது. நல்லூர்த் திருவிழா, திருகோணமலை, உறவினர் வீடுகள் என்று அவர்களுடைய விடுமுறையை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டதில் காலிக்கு ஒரு பகல்தான் மிஞ்சியது. காலையில் வெள்ளவத்தையில் ஏறி இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற மாதிரி, வானும் வழிகாட்டியும் சேர்த்து ஏற்பாடு செய்தோம். இப்படிப் போய் வருவதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஓர் ஊரில் இரவு தங்காமல் அந்த ஊரைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாதாம். வேலைக்குப் போய், பிள்ளைகளையும் வயதான தாயையும் பார்த்துக்கொள்கிற சனங்களுக்கு உலகம் பெரும்பாலும் ஒரு பகல் அளவில்தான் கிடைக்கிறது. அந்தப் பகலில் பக்கத்தில் யார் நடக்கிறார் என்பதுதான் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

2011இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலையில் போனால் கொட்டாவையிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் காலிக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். சாரதியும் அதைத்தான் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "கடலைப் பாக்காமல் காலிக்குப் போறது எதுக்கு?" பாணந்துறை, களுத்துறை, பேருவளை, பெந்தோட்டைப் பாலம் என்று பழைய காலி வீதியிலேயே ஊர்ந்தோம். வலது கைப்பக்கம் ரயில் பாதையும் அதற்கு அப்பால் தென்மேல் பருவக்காற்றில் கலங்கிய கடலும் வீடுகளுக்கு இடையில் வந்து வந்து மறைந்தன.

அந்த ரயில் பாதையை அப்பா வழியாகத்தான் எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முன்பு அப்பாவுக்குச் சில காலம் காலிக் கச்சேரியில் வேலை. அந்தக் காலத்தில் தமிழ் எழுதுவினைஞர்கள் தெற்கே எத்தனையோ கந்தோர்களில் இருந்தார்கள். 1894இல் பாதை காலிக்கு வந்து சேர்ந்தது. காலி ஸ்டேஷனில் தண்டவாளம் முட்டி நின்றுவிடும். மாத்தறைக்குப் போகிற வண்டியில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவார்கள். அதுவரை முன்னால் பார்த்து வந்தவர்கள் அதற்குப் பிறகு பின்னால் பார்த்துப் போகவேண்டும். இதை அப்பா எங்களுக்குச் சின்ன வயதில் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிக் காட்டுவார். அவர் சொன்ன காலியில் கோட்டை பெரிதாக வரவில்லை. இந்த ரயிலும், ஒரு சாப்பாட்டுக் கடையும், கடைக்காரர் தமிழில் கதைத்ததும்தான் வந்தன. "காலியில எனக்குத் தமிழ் தேடவேண்டி வரேல்ல" என்பார். அது ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஹிக்கடுவைக்கு முன்னால் பெரலியவில் சாரதி வேகத்தைக் குறைத்தார். கடலைப் பார்த்தபடி உயரமான புத்தர் சிலை ஒன்று நிற்கிறது. 2004 டிசம்பர் 26, போயா நாள், ஞாயிறு. கொழும்பிலிருந்து தெற்கே போன வண்டி சுனாமியின் முதல் அலையில் இங்கே நின்றுபோனது. பக்கத்து வீட்டுச் சனங்கள் பாதுகாப்பு என்று நம்பி அதில் ஏறினார்கள். அடுத்த அலை பெட்டிகளைப் பிரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த இடத்தில் இறந்தார்கள். உலகின் ரயில் விபத்துகளில் இதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்வது கடினம். அக்காவின் மகன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தான். அந்த வருடம் அவன் பிறந்திருக்கவில்லை.

கோட்டை வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தவர் அறுபது தாண்டிய மனிதர். வெள்ளைத் தொப்பி, கையில் மடித்த குடை. முதலில் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். அம்மா என்னிடம் மெதுவாக, "ஆள் நல்லவராத் தெரியுது" என்றதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தமிழ்ல கதைங்க அம்மா. எங்கட ஊட்டுல தமிழ்தானே." அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு நானா ஆகிவிட்டார்.

அப்பா சொன்னதின் பொருள் எனக்கு அந்த வாசலில் விளங்கியது. காலிக் கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்கு வீட்டு மொழி தமிழ். வெளியே கடைத்தெருவில் சிங்களம், வருகிறவர்களுக்கு ஆங்கிலம், உள்ளே உம்மாவோடும் பிள்ளைகளோடும் தமிழ். அந்தத் தமிழில் இருக்கு என்பது ஈக்கி, சொன்னது சென்னது. கோட்டையைப் பற்றி எழுதுகிற பயணக் கட்டுரைகளில் ஒல்லாந்தரின் ஓடுகளையும் தூண்களையும் காண்கிறேன். அந்த ஓட்டின் கீழ் பேசப்படுகிற மொழியை எழுதினவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

நானா எங்களைப் பழைய வாசலுக்கு உள்பக்கமாகக் கூட்டிப்போய்த் தலையை நிமிர்த்தச் சொன்னார். கல்லில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை, இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், கீழே 1669. வெளிப்பக்கம் வந்தால் அதே வாசலில் பிரித்தானிய அரசச் சின்னம். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த கோட்டை இது. 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இதை நானா ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அவர் நின்று நின்று காட்டியவை வேறு.

ஒன்று, சாக்கடை. தெருவோரம் குனிந்து, கற்பலகை ஒன்றின் இடுக்கைக் குடை நுனியால் தொட்டுக் காட்டினார். ஒல்லாந்தர் கோட்டைக்கு அடியில் கட்டின வாய்க்கால்கள். கடல் பெருகும்போது தண்ணீர் உள்ளே ஏறி, வற்றும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். "பம்பும் இல்ல, கரண்டும் இல்ல. கடலே கழுவிக் குடுக்கும்." அக்காவின் மகன் முழங்காலில் இருந்து இடுக்குக்குள் பார்த்தான். உள்ளே இருட்டில் ஈரம் மினுங்கியது.

மற்றது, கிரிக்கெட். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர் கொண்ட மூன்று கொத்தளங்களும் தரைப்பக்கம் பார்த்து நிற்கின்றன. அவற்றின் கீழே மைதானம். காசு கொடுக்காமல் மதில் புல்லில் இருந்து டெஸ்ட் போட்டி பார்க்கலாம். 2010 ஜூலை 22 அன்று முரளிதரன் இந்தியாவுக்கு எதிராகத் தன் கடைசி டெஸ்டில் ஆடியது இங்கேதான். எண்ணூறு விக்கெட்டுக்கு ஒன்று குறைய நின்றபோது இந்தியாவின் கடைசி விக்கெட் விழாமல் இழுத்தது. பிறகு ஓஜா அடித்த பந்தை ஸ்லிப்பில் மஹேல பிடித்தார். "நாங்க இந்த இடத்துலதான் நிண்ட" என்று நானா காலால் புல்லைத் தட்டினார். "எனக்குப் பக்கத்துல நிண்ட சிங்களப் பெடியன் என்னத் தூக்கிட்டான்." கண்டித் தமிழர் ஒருவருக்காக, தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரைச் சிங்கள இளைஞன் தூக்கின அந்தக் கணத்தை நான் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அதே மைதானம் 2004இல் கடலுக்குள் இருந்தது. பக்கத்தில் பஸ் நிலையம். பஸ்கள் மிதந்து சுழன்றதை உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. நாங்கள் கேட்கவில்லை, நானாவே சொன்னார். கடல் பின்வாங்கி, ஒருநாளும் காணாத பாறைகள் தெரிந்ததாம். பிறகு தண்ணீர் வந்து மதிலில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து ஊருக்குள் போனதாம். கோட்டைக்குள் சேதம் குறைவு. வெளியே இருந்து ஓடி வந்தவர்களுக்குப் பள்ளிவாசலில் சோறு ஆக்கினார்கள். "மூணு நாளும் யாரு என்ன சாதி எண்டு கேக்கல்ல" என்றார். பீரங்கிக் குண்டைத் தடுக்கக் கட்டின சுவர் முந்நூறு வருடம் கழித்து அலையைத் தடுத்தது. அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. சுவருக்கு வெளியே இருந்தவர்களில் அவருடைய சொந்தங்களும் உண்டு.

பெரலியவில் வாயை மூடிக்கொண்டிருந்த அம்மா இப்போதுதான் பேசினார். முல்லைத்தீவில் தன் சித்தியின் குடும்பத்தை அதே காலை கடல் கொண்டுபோனதை நானாவிடம் சொன்னார். இரண்டு பேரும் மதில் மேல் குடை நிழலில் நின்று பெயர்களைச் சொல்லிக்கொண்டார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

வெளிச்சவீட்டுக்குப் போகும் வழியில் பள்ளிவாசல். இரண்டு கோபுரமும் வெள்ளைச் சுவருமாகப் பார்ப்பவர்களுக்குத் தேவாலயம் என்று தோன்றும். 1904இல் கட்டியது. வெளிச்சவீடு 1939இல் எழும்பியது. கொடிப்பாறையில் இளைஞர்கள் மதிலிலிருந்து பாறைகளுக்கு நடுவே கடலில் குதித்துக் காசு கேட்கிறார்கள். நானா அதைப் பார்க்க எங்களை விடவில்லை. "காசு குடுத்தா அதுகள் திரும்பவும் குதிக்கும்" என்று சொல்லித் திருப்பிவிட்டார். 1755ஆம் ஆண்டு ஒல்லாந்தத் தேவாலயத்தில் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், சிலவற்றில் மண்டையோடு செதுக்கியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்தது. எனக்கு அவசரமாகப் போனதில் குறை இல்லை.

ஏனென்றால் அதற்குப் பிறகு நானா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பயணத் திட்டத்தில் அது இல்லை. அவருடைய தாத்தா, அதாவது மூத்த சகோதரி, திண்ணைக்கு உள்ளே உருளைத் தலையணை ஒன்றின் முன் உட்கார்ந்து பீரளு ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார். காகிதத்தில் குத்தின ஊசிகள், ஒவ்வொரு நூலின் முனையிலும் விரல் நீள மரக்குச்சி. இரண்டு கையாலும் குச்சிகளைத் தாண்டவிட, அவை ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் விடாமல் கேட்டது. பார்க்கும்போது நூல் எங்கே போகிறதென்று பிடிபடவில்லை. குச்சிகள் நின்றபோது அரை அங்குலத்துக்கு ஒரு பூ வந்திருந்தது. போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் வேலை. நிமிராமலே அம்மாவிடம், "இரிங்க, வட்டிலப்பம் ஈக்கி" என்றார். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலக்காயும் சேர்ந்து ஆவியில் வெந்த வட்டிலப்பம். வெட்டின முகத்தில் சின்னச் சின்னத் துளைகள், துளைகளில் கருப்பட்டிப் பாகு. ஏற்பாட்டில் சேர்ந்திருந்த மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்தத் தெருவில் எத்தனை வீடு இப்படி மிஞ்சியிருக்கிறது என்று அத்தான் கேட்டார். நானா எண்ணவில்லை, கை காட்டினார். இது ஹோட்டல். அது வெளிநாட்டுக்காரருடையது, வருடத்தில் ஒரு மாதம் வருவார். அடுத்தது மாணிக்கக் கடை. பித்தளைப் பலகை பதித்த ஒரு கதவைக் காட்டி, "இது எங்கட மாமிட ஊடு. உள்ள கிணறு ஈக்கி, இப்ப அதுக்கு மேல கண்ணாடி போட்டு மேசை வெச்சீக்கிறாங்க" என்றார். விற்றவர்களை அவர் குறை சொல்லவில்லை. பாகம் பிரிக்கப் பத்துப் பிள்ளைகள், திருத்த வேண்டுமென்றால் மரபுரிமைச் சட்டப்படி அனுமதி, கேட்கிற விலையோ கண்ணைக் கட்டுகிறது. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஆனால் கூரையின் சரிவையும் ஜன்னலின் அளவையும் காப்பாற்றச் சட்டம் வைத்திருக்கிற நாடு, அந்த வீட்டுக்குள் இருந்த பேச்சு வெளியேறிப் போவதைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது என்னை இன்றைக்கும் வருத்துகிறது.

காலியில் கல்லில் இருந்த தமிழும் இப்படித்தான் போனது. 1911இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர் காலி நகரில் ஒரு மதகை மூடியிருந்த பலகையில் எழுத்து இருப்பதைக் கண்டார். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ வைத்த கல். அதில் உள்ள திகதி 1409. சீனாவிலேயே வெட்டிக் கப்பலில் ஏற்றி வந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேனவரை நாயனாருக்கு. பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால். மூன்றிலும் பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். தேனவரை என்பது காலிக்குக் கிழக்கே உள்ள தெவிநுவர. அதே கரையோரம் 1344இல் வந்த இப்னு பதூதா அந்தக் கோயிலையும் காலியையும் பார்த்து எழுதியிருக்கிறார். கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். கல் இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கனடாவுக்குத் திரும்புவதற்கு முன்பு அக்காவின் மகனை அங்கே கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழைய எழுத்துகளில் தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டை அவன் கண்டுபிடித்தான். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்திருந்தது. "சீனக்காரர் ஏன் சித்தி தமிழில எழுதினவை?" என்று கேட்டான். அந்தக் கடலில் வியாபாரம் நடந்த மொழிகளில் தமிழ் ஒன்று, துறைமுகத்தில் அதை வாசிக்க ஆட்கள் இருந்தார்கள் என்றேன். "நானாட ஆக்களா?" அவர்களும் இருந்திருக்கலாம், வேறு வணிகர்களும் இருந்திருப்பார்கள் என்றேன்.

அவன் கல்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் நானாவுக்கு அனுப்பினான். அரை மணித்தியாலத்தில் குரல் பதில் வந்தது. பின்னால் குச்சிகள் தட்டுகிற சத்தமும் கேட்டது. "மகன், நான் இவ்வளவு காலம் ஆக்களுக்கு இந்தக் கல்லப் பத்திச் சென்ன. கண்ணால பாத்தது இல்ல." அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "அப்ப ஒரு நாளைக்கு வெளிக்கிட்டு வாங்கோ. காலமை ரயிலில வந்து பின்னேரம் போகலாம். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டில."