பின்பாரமா நிக்குது தம்பி!

நெடுஞ்சாலையில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு ட்ரெய்லர் கடந்து போகிறது. அதன் மேல் ஒரு பழைய கார், பல்லக்கில் போகும் சாமி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. செல்போனை எடுப்பதற்குள் அது முன்னால் போய்விடுகிறது. "அட, எங்க தாத்தாகிட்ட இருந்த வண்டி!" என்று பின் சீட்டில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்.

பார்ப்பவர்களுக்கு அது அரை நிமிடச் சந்தோஷம். அந்த காரை ஏற்றி அனுப்புகிறவர்களுக்கோ முந்தின ராத்திரி முழுக்கத் தூக்கம் இருக்காது. ஓட்டிப் போனால் பிரேக் இருக்கிறது, ஸ்டீயரிங் இருக்கிறது. ஏற்றிப் போகும்போது அந்த கார் வெறும் சுமை. ஒரு பெல்ட் தளர்ந்தாலும், எடை ஒரு பக்கம் கூடினாலும், அந்த காருக்கு மட்டும் ஆபத்து இல்லை. முன்னால் இழுக்கும் வண்டிக்கும், எதிரே வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முசிறிக்கு அருகே ஒரு கிராமத்தில், ஒரு குடும்பம் அதைக் கண்ணெதிரே பார்த்தது.

எடைக்குப் போடலாமா?

வாழைக்காய் மண்டி வைத்திருந்த பெரியவரின் வீடு அது. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டை விற்பது என்று முடிவானதும், கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த காரைப் பற்றிய பேச்சு வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கடைசியாக ஓடி 19 வருடங்கள்.

இந்தத் தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டு காரை, சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இங்கே தயாரித்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. சுமார் 25 அடி விட்டத்துக்குள் ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். குறுகலான தெருக்களில் அம்பாசிடர் ரிவர்ஸ் எடுத்துத் திணறும் இடத்தில், ஹெரால்டு ஒரே மூச்சில் வளைந்து போய்விடும்.

"பழைய இரும்புக்கடையில கேட்டேன். எடைக்கு எடுத்துக்கறேங்கறான்" என்றார் அண்ணன்.

"அப்பா வண்டியைக் கிலோ கணக்குல விக்கப் போறியாண்ணா?" என்றார் கோவையில் இருக்கும் தங்கை. "நான் எடுத்துக்கறேன். ஒரு பைசா நீ போட வேண்டாம்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. 76 வயது அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கொண்டு போறதுன்னா பத்திரமா கொண்டு போ. நடுரோட்டுல கொண்டுபோய் போட்டுடாத" என்று மட்டும் சொன்னார்.

கயிறு கட்டி இழுத்தால் என்ன?

கிராமத்தில் பலரும் சொன்ன யோசனை, டிராக்டரில் கயிறு கட்டி முசிறி வரை இழுத்துப் போகலாம் என்பது. கோவையிலிருந்து வந்த மெக்கானிக் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

பல வருடங்கள் நின்ற காரில் முதலில் இறுகிப்போவது பிரேக்தான். டிரம்முக்குள் துரு ஏறிச் சக்கரம் சுற்றாது. சுற்றினாலும், அவசரத்துக்கு மிதித்தால் பிடிக்காது. டயர் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்துப் போயிருக்கும். கயிற்றை எங்கே கட்டுவது என்பது அடுத்த சிக்கல். ஹெரால்டின் உடல் பாகங்கள் தனியாக ஒரு சேசிஸ் மேல் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டவை. பம்பரிலோ, துருப்பிடித்த ஓரச் சட்டத்திலோ கொக்கியை மாட்டி இழுத்தால், கார் வராது. அந்தப் பாகம் மட்டும் கையோடு வந்துவிடும்.

ஆகவே ட்ரெய்லர் வரவழைக்கப்பட்டது. நான்கு சக்கரங்கள் கொண்ட தாழ்வான ட்ரெய்லர், அதை இழுக்க ஒரு ஜீப். முந்தின நாளே இறுகிய சக்கரங்களைக் கழற்றி, டிரம்மைத் தட்டி விடுவித்து, காற்று நிற்கும் 13 இன்ச் டயர்களை மாட்டினார்கள்.

இங்கே ஹெரால்டுக்கே உரிய ஒரு வம்பு உண்டு. ஜாக்கி போட்டுத் தூக்கினால் அதன் பின் சக்கரங்கள் இரண்டும் கீழ்ப்பக்கம் உள்வாங்கிக்கொள்ளும், வாத்துக் கால் மாதிரி. ஜாக்கியை இறக்கினாலும் உடனே நேராகாது. காரை நாலடி முன்னும் பின்னும் உருட்டினால்தான் அமரும். அந்த நிலையிலேயே ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டால், சாலைக் குலுங்கலில் கார் தானாகக் கீழே அமர்ந்து, இறுக்கிய பெல்ட் எல்லாம் தளர்ந்து தொங்கும். மெக்கானிக் அதற்காகவே காரைக் கொட்டகை வாசலில் பல முறை உருட்டிப் பார்த்தார்.

பெரியவர் பார்த்த பார்வை

மறுநாள் காலை 6 மணிக்கு ஏற்றும் வேலை ஆரம்பமானது. முன்பக்க சேசிஸில் வின்ச் கயிற்றை மாட்டி, பலகை வைத்துச் சரிவைக் குறைத்து, அங்குலம் அங்குலமாக மேலே இழுத்தார்கள். ஸ்டீயரிங்கில் தங்கை உட்கார்ந்திருந்தார்.

காரின் மூக்கு ஜீப்பைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பதில் ட்ரெய்லர் டிரைவர் உறுதியாக இருந்தார். ஹெரால்டின் பானெட் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் வகை. காரைத் திருப்பி ஏற்றினால் எதிர்காற்று அதன் இடுக்கில் புகுந்து பானெட்டைத் தூக்கிவிடக்கூடும்.

அம்மா தார்ப்பாயை எடுத்து வந்தார். "மூடிடுங்க தம்பி, தூசி படியும்."

"தூசி படிஞ்சா கழுவிக்கலாமுங்க அம்மா. தார்ப்பாய் காத்துல படபடன்னு அடிச்சா, இடையில மாட்டுற மண்ணு பெயின்டை உப்புத்தாள் மாதிரி தேய்ச்சு எடுத்துரும். சும்மா விட்டுருங்க."

நான்கு சக்கரங்களையும் சுற்றி ராட்செட் பெல்ட் போட்டு ட்ரெய்லர் தளத்தோடு இறுக்கினார்கள். உடம்பைக் கட்டாமல் சக்கரத்தைக் கட்டுவதில் ஒரு நன்மை உண்டு. கார் தன் ஸ்பிரிங்கில் தன்போக்கில் அசையும். கட்டு தளராது, பழைய சேசிஸும் வலிபடாது.

எல்லாம் முடிந்தது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் எழுந்து வந்தார். மண்டியில் நாற்பது வருடம் மாட்டு வண்டி ஓட்டியவர். ட்ரெய்லரைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்பாரமா நிக்குது தம்பி."

டிரைவர் சிரித்தார். "இது மாட்டு வண்டி இல்லீங்க பெரியவரே. காரைச் சரியான இடத்துலதான் நிறுத்தியிருக்கேனுங்க."

வண்டி கிளம்பியது.

வால் ஆடியது

இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் ஓர் இறக்கம். வேகம் 45-ஐத் தொட்டபோது ட்ரெய்லரின் பின்பக்கம் லேசாக இடதுபுறம் ஒதுங்கியது. அடுத்து வலதுபுறம். ஒவ்வோர் ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக, ஜீப்பின் பின்புறத்தையே சேர்த்து அசைத்தது. பக்கத்து சீட்டில் இருந்த தங்கை கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார்.

இந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்கத்தான் கால் துடிக்கும். மிதித்தால் பின்னால் வரும் சுமை முன்னால் இருக்கும் வண்டியைத் தள்ளிக் குறுக்கே திருப்பிவிடும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி ஆட்டத்தை அடக்கப் பார்ப்பதும் ஆட்டத்தைக் கூட்டவே செய்யும். டிரைவர் அனுபவசாலி. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தார், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தார், வேறு எதுவும் செய்யவில்லை. வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது.

வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டு வந்தார். இறங்கியதும் நேராக அந்த முதியவரிடம் போய், "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

மாட்டு வண்டியில் இது அரிச்சுவடிப் பாடம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். ஏறி உட்காருகிறவர்களை "கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க" என்று வண்டிக்காரர் சொல்வது இதற்காகத்தான்.

ட்ரெய்லருக்கும் அதே கணக்குதான். ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம், இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்லப்படும் பொது விதி. ஹெரால்டு ஏறத்தாழ 800 கிலோ, ட்ரெய்லர் 600 கிலோ என்றால், மொத்தம் 1,400. அதில் 140 கிலோவாவது முன்னால் இறங்க வேண்டும். குறைந்தால் வால் ஆடும். ரொம்பக் கூடினால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங் பிடி தளரும். எஞ்சின் முன்னால் உள்ள காரை மூக்கு முன்னால் இருக்க ஏற்றினால் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். எஞ்சினைப் பின்னால் வைத்திருக்கும் பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலைச் சில நேரம் திருப்பி ஏற்ற வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஹெரால்டுக்கு எஞ்சின் முன்னால்தான். நிறுத்திய இடமும் சரி. பிறகு எப்படிப் பின்பாரம் வந்தது?

டிக்கியில் இருந்தது

டிரைவர் டிக்கியைத் தட்டிப் பார்த்தார். பூட்டியிருந்தது. "சாவி யாருகிட்டங்க?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

உள்ளே ஒரு கியர்பாக்ஸ். டிஃபரென்ஷியல், ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, பிரேக் டிரம்கள், குறுக்கே வைக்கும் பட்டை ஸ்பிரிங். ஒவ்வொன்றும் கோரைப்பாய்த் துண்டில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அப்பா வருடக்கணக்கில் சேர்த்து வைத்த உதிரிபாகங்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு, அப்பாவின் கையெழுத்தில்: "நல்லது", "பழுது பார்க்கலாம்", "தூக்கிப் போட வேண்டாம்".

மொத்தம் 100 கிலோவுக்குக் குறையாது. டிக்கி என்பது ட்ரெய்லர் சக்கரங்களுக்கு வெகு பின்னால். அங்கே ஏறிய 100 கிலோ, கொக்கியில் இருக்க வேண்டிய கனத்தைப் பாதியாக்கிவிட்டிருந்தது.

"எப்பண்ணா வெச்சே?"

"ராத்திரி. நீங்க எல்லாம் தூங்கினப்புறம்." சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "இதெல்லாம் இப்ப எங்கயும் கிடைக்காதுன்னு அப்பா சொல்லுவாரு."

காரை எடைக்குப் போடலாம் என்றவர் அவர்தான். தங்கை எதுவும் கேட்கவில்லை. இருவருமாகக் கியர்பாக்ஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, ஜீப்பின் பின் சீட்டுக்குக் கீழே வைத்தார்கள்.

அந்த முதியவர் மறுபடி குனிந்து பார்த்தார். "இப்ப போகலாம்."

குளித்தலையில் ஒரு டீ

முதல் 20 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி, எல்லாக் கட்டையும் தொட்டுப் பார்ப்பது கார் ஏற்றிச் செல்பவர்களின் வழக்கம். புதிதாக இறுக்கிய பெல்ட் அந்தத் தூரத்தில்தான் இழுபட்டுத் தளரும். காவிரிப் பாலம் தாண்டிக் குளித்தலையில் டீக்கடையோரம் நிறுத்தினார்கள். பின் இடது சக்கரத்து பெல்ட் ஒரு பல் அளவு இளகியிருந்தது. இறுக்கினார்கள். அடுத்து கரூர், காங்கேயம், பல்லடம். 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டார்கள். வால் ஒருமுறைகூட ஆடவில்லை.

சுமப்பது கௌரவக் குறைச்சலா?

ஓடப் பிறந்த காரை இப்படிச் சுமந்து திரிவதைக் கேலி செய்கிறவர்களும் உண்டு. சொந்தச் சக்கரத்தில் ஓடாமல் கண்காட்சிக்குக் கண்காட்சி ஏறி இறங்கும் காரை அமெரிக்காவில் 'ட்ரெய்லர் குயின்' என்பார்கள், ட்ரெய்லர் மகாராணி! கலிஃபோர்னியாவில் நடக்கும் பெபிள் பீச் கார் அழகுப் போட்டியில், 1998 முதல் கார்கள் சாலையில் ஒரு சுற்று ஓடிக் காட்டும் நிகழ்ச்சியும் சேர்ந்தது. இரண்டு கார்கள் ஒரே மதிப்பெண் வாங்கினால், அந்தச் சுற்றை முடித்த காருக்கே முன்னுரிமை.

ஆனால் லண்டனில் இருந்து பிரைட்டன் வரை சுமார் 60 மைல் ஓடும் கார்களைப் பாருங்கள். 1905-க்கு முன் செய்த கார்களுக்கு மட்டுமே அதில் அனுமதி. அவற்றில் பல, புறப்படும் இடம் வரை ட்ரெய்லரில் வந்து இறங்குகின்றன. இறங்கிய பிறகு மழையிலும் குளிரிலும் தாமே ஓடி முடிக்கின்றன. ஓடுவதற்காகவே சுமந்து வரப்படும் கார்கள் அவை.

கோவை ஹெரால்டுக்கும் இப்போது அந்த யோசனைதான். 50 வருடம் தாண்டிய, அசல் நிலையில் உள்ள வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், 10 வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிவு செய்த காரை அன்றாடப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் அனுமதி.

தங்கை இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அம்மாவை அதே காரில் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போக அவருக்கு ஆசை. அது எந்தக் கணக்கில் வரும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறார். நலம் விசாரித்து முடித்ததும் கேட்பது ஒன்றுதான்: "அந்த கியர்பாக்ஸ் சீட்டைப் பிச்சுப் போட்டுடலையே?"