ஒரு குவளை நீர்

சென்ற வைகாசியில் எங்கள் பேரனுக்குக் கடும் வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு வயதுக் குழந்தை. ஆரணிப் பட்டு நெய்யும் எங்கள் திருமலை வீட்டில் அன்று தறி ஓசையில்லை. பிள்ளை தாகத்தால் அழவே, மருமகள் தண்ணீர் எடுக்க எழுந்தாள். "வேண்டாம் அம்மா, தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று தடுத்தவர்கள் நாங்களே.

நண்பகலுக்குள் குழந்தையின் கண்கள் குழிந்தன. அழுதும் கண்ணீர் வரவில்லை. நடுங்கிப்போய்ச் செவிலியரிடம் ஓடினோம். அவர் உப்பு சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டச் செய்தார். மாலையில் குழந்தை சிறுநீர் கழித்தது. எங்களுக்கும் உயிர் வந்தது.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பின்னர் அறிந்து வியந்தோம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் ஈரடுக்குக் கொழுப்பாலான சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. பிராணவாயு அதனை எளிதில் கடக்கும். உப்பும் சர்க்கரையும் கடக்கமாட்டா. அவற்றுக்கெனப் புரதத்தாலான வாயில்கள் உண்டு. குடலில் உள்ள அத்தகைய வாயில் ஒன்று, உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் வழிவிடும். பாவும் ஊடையும் கூடினால்தானே புடவை! அவ்விரண்டும் உள்ளே செல்ல, நீரும் பின்தொடர்கிறது. காலராவிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை.

1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். 1971-ல் வங்கதேசப் போரினால் அகதிகள் குவிந்த பன்கான் முகாமில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலையே காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது.

பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம், அளவு மிகலாகாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அன்பினால்தான் அன்று நாங்கள் தண்ணீரை மறுத்தோம். அறியாத அன்பும் கொல்லக்கூடும் என்பதை அந்த அரைநாள் எங்களுக்கு உணர்த்தியது. கண்ணுக்குத் தெரியாத சவ்விலும் வாயில் வைத்த படைத்தவரின் பரிவை எண்ணி, அடுத்த ஞாயிறு திருப்பலியில் பேரனை மடியில் இருத்தி நன்றி கூறினோம். சிறியோர்க்கு அளிக்கும் ஒரு குவளை நீரையும் ஆண்டவர் மறவார் என்கிறது நற்செய்தி. அன்பர்களே, அக்குவளையை அறிந்து அளிப்போம்.