கரிசலில் பூக்கும் நித்தியகல்யாணி

எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம், புதூர் பக்கம் மழை ஓய்ந்த பிறகு போனால், மக்காச்சோளத்துக்கும் மிளகாய்க்கும் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு பூக்காடு கண்ணில் படும். நம் வீட்டு வாசலில் நிற்கும் அதே நித்தியகல்யாணிதான். சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் உண்டு. மடகாஸ்கர் தீவில் இருந்து வந்த செடி. வறட்சி தாங்கும்; ஆடு வாய் வைக்காது, அதனால் வேலிச் செலவு இல்லை. மானாவாரிக்காரர்களுக்கு அது போதாதா? இலையை உருவிக் காயவைத்து விற்று, கடைசியில் வேரோடு பிடுங்கி வேரையும் காசாக்குகிறார்கள்.

ஒரு களத்தில் இலை மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "சார், இது புத்துநோய்க்கு மருந்துன்னு சொல்றாங்களே, எங்க அண்ணனுக்கு ஈரல்ல கட்டி. கரண்ட் வச்சிக்கிட்டு இருக்காங்க. கூடவே இந்த இலையை அரைச்சுக் குடுக்கலாமா?"

நம் கேள்வி-பதில் பகுதிக்கும் இதே மாதிரிக் கடிதங்கள் வருவதால் விவரமாகவே எழுதுகிறேன். கொடுக்கக் கூடாது.

இந்தச் செடியில் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற மருந்துகள் இருப்பது உண்மை. 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலுமாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும். அதைச் சுத்தப்படுத்தி, மில்லிகிராம் கணக்கில் அளந்து, ஊசியாக நரம்பில் ஏற்றுகிறார்கள். முக்கியமாக ரத்தப் புற்றுநோய், நெறிக்கட்டிப் புற்றுநோய்களுக்கு. ஈரல் புற்றுநோய்க்கு இது வழக்கமான மருந்தே அல்ல. அரைத்த இலையில் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு, இந்தச் சரக்கை உடம்பிலிருந்து வெளியேற்ற வேண்டியதே ஈரல்தான். நோயில் கிடக்கும் ஈரல் அதை எப்படித் தாங்கும்? வெள்ளை அணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்தால் கரண்ட் வைப்பதையே நிறுத்த நேரிடும்.

கீழாநெல்லியைப் பற்றியும் கேட்டார். 1988-ல் சென்னையில் அதை மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமிக்குத்தான், கட்டிக்கு அல்ல. மஞ்சளைக் குழம்பில் போடுவது வேறு, மாத்திரையாக விழுங்குவது வேறு. மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்டவர்களும் உண்டு. சத்து மாத்திரைகளில் சில, கதிர் புற்றணுவை அழிக்கும் வேலையையே மட்டுப்படுத்தலாம் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல், பொட்டலத்தோடு எடுத்துப்போய்க் கதிர்சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவாரே என்று பயப்பட வேண்டாம். அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் களத்தின் மறு மூலையில் மக்காச்சோளம் குவிந்திருந்தது, அடியில் கொஞ்சம் நனைந்து. என் துறை சார்ந்த கவலை அதுதான். ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. ஈரல் புற்றுநோய்க்கு அது உறுதியான காரணம். சமைத்தாலும் முழுதாகப் போகாது. மக்காச்சோளத்தை 12 சதவீத ஈரத்துக்குக் காயவிட்டு, தரையில் படாமல் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். பிண்ணாக்கில் நஞ்சு தங்கி, மாட்டின் பால் வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கே வரும்.