இடிபாடு இல்லாமல் ஓர் உலக அழிவுப் படம்

உலகம் அழிந்த பிறகு கொழும்பில் மிஞ்சியிருக்கும் இரண்டு பேரைப் பற்றி ஏழு நிமிடக் குறும்படம் எடுக்கப் போகிறோம் என்று சொன்னால், கேட்கிற எல்லாருக்கும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "இடிஞ்ச கட்டடத்துக்கு எங்க போவீங்கள்?" அடுத்த கேள்வி காசு. நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் வெள்ளவத்தை, இரண்டு பேர் கொட்டாஞ்சேனை, எல்லாரும் கலைப்பீடம். கையில் இருப்பது இரண்டு போன், இரவல் வாங்கிய ஒரு ட்ரைபொட், ஒரு சின்ன மைக். காசுக் கேள்விக்கு விடை சுலபம்: இல்லை. இடிஞ்ச கட்டடக் கேள்விதான் எங்களைக் கனநாள் அலைக்கழித்தது.

முதலில் படங்களைப் பார்த்தோம். கதைக்காக இல்லை, கையில் பெரிசா ஒன்றும் இல்லாமல் எப்படி உலகத்தை அழித்தார்கள் என்று பார்ப்பதற்காக.

கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெற்றே' (1962) 28 நிமிடப் படம். மூன்றாம் உலகப் போரில் பரிஸ் அழிந்துவிட்டது. மிஞ்சியவர்கள் நிலத்துக்குக் கீழே வாழ்கிறார்கள். படம் முழுக்க அசையாத புகைப்படங்கள்தான், பின்னால் ஒரு குரல் கதை சொல்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், படுத்திருக்கும் பெண் கண்ணைத் திறக்கும்போது, சில விநாடிகள் படம் அசைகிறது. அதைப் பார்த்த எங்களுக்கு மூச்சு நின்றது போல இருந்தது. போட்டோ என்றால் எப்பவோ நடந்து முடிந்த ஒன்று. வீட்டு அல்பத்தில் சிரிக்கிற மாமா இப்ப எங்க இருக்கிறார் என்று கேட்காமல் அந்தப் பக்கத்தைத் தாண்ட ஏலாது, இல்லையா? மார்க்கர் அந்த உணர்வை ஒரு முழுப்படத்துக்கும் நீட்டியிருக்கிறார். எங்கள் படத்திலும் 'முந்தி' நடந்தவை எல்லாம் போட்டோவாகத்தான் வரும். செலவும் இல்லை.

டானி பொயிலின் '28 டேய்ஸ் லேட்டர்' (2002) வேறு பாடம். ஆளே இல்லாத லண்டனில் ஒருவன் தனியே நடக்கிற காட்சி எல்லாருக்கும் தெரியும். அது பெரிய ஸ்டூடியோ வித்தை இல்லை. கோடைகாலத்து விடியலில், வாகனங்களைச் சில நிமிடங்கள் மறித்து வைத்து, கெனன் எக்ஸ்எல்1 என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கமராக்களால் எடுத்தது. பெரிய பிலிம் கமரா என்றால் பூட்டிக் கழற்றவே நேரம் போய்விடும். சின்னக் கமரா என்றபடியால் ஒரே நேரத்தில் பல கோணங்களில் வைத்து எடுத்துவிட்டு ஓடலாம். படம் கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கும். அந்தக் கரகரப்பே கதைக்குப் பொருந்திவிட்டது.

எங்களுக்கும் அது பொருந்தும். மெழுகுதிரி வெளிச்சத்தில் போன் கமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் தடுமாறும், முகம் ஒருக்கா வெள்ளையாகும், ஒருக்கா கறுப்பாகும். எக்ஸ்போஷரைக் கையால் பூட்டி வைத்தால் தடுமாற்றம் நிற்கும், ஆனால் இருட்டுப் பகுதியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும். விழட்டும் என்று முடிவெடுத்தோம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாளில் எங்கள் வீடுகள் அப்படித்தான் தெரிந்தன.

ஆனால் வெறும் வீதி விசயத்தில் கொழும்பு லண்டன் இல்லை. காலி வீதி விடிய ஐந்து மணிக்கே முழித்துவிடும். மறித்து வைக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை, ட்ரைபொட்டை விரித்தாலே யாராவது வந்து "என்ன எடுக்கிறீங்கள்?" என்று கேட்பினம். 2020 மார்ச் 20 தொடங்கிய ஊரடங்கில் அந்த வீதி உண்மையாகவே வெறுமையாகக் கிடந்தது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பல்கனியில் நின்று பார்த்ததோடு சரி. அந்த நாட்களை நினைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. எங்களுக்கு நினைவில் நிற்பது வெறும் வீதியின் படம் இல்லை, சத்தம். பஸ் ஹோர்ன் இல்லாத காலையில் கடல் இரைச்சல் மூன்றாம் மாடி வரை கேட்டது.

அதனால் வெறுமையைக் காதால் காட்டப் போகிறோம். பாண் ஓட்டோ உங்களுக்குத் தெரியும். பீதோவனின் 'ஃபியூர் எலீஸ்' மெட்டைத் தகர ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வரும். எங்கள் படத்தில் அந்த மெட்டு ஒழுங்கை முனையில் கேட்கும். யாரும் கதவு திறக்க மாட்டார்கள். ஓட்டோவும் பிரேமுக்குள் வராது. மெட்டு மெல்லத் தேய்ந்து போகும். கொட்டாஞ்சேனையில் விடியப்புறம் ஒரு ஒழுங்கையில் இதை ஒத்திகை பார்த்தபோது, கதை தெரிந்த எங்களுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டோக்கர்' (1979) இன்னும் ஒருபடி மேலே. எஸ்தோனியாவில் தாலின் நகரத்துப் பக்கம், கைவிடப்பட்ட மின் நிலையங்களை அண்டி எடுத்த படம். 'வலயம்' என்ற ஆபத்தான இடத்துக்குள் மூன்று பேர் போகிறார்கள். அங்கே இருப்பது புல், தண்ணீர், துருப்பிடித்த சாமான்கள், அவ்வளவுதான். ஆபத்து எப்படித் தெரிகிறது? வழிகாட்டி ஒரு நட்டில் துணியைக் கட்டி முன்னால் எறிந்துவிட்டு, அது விழுந்த திசையைப் பார்த்துத்தான் அடியெடுத்து வைக்கிறான். அவன் நடக்கிற விதத்தைப் பார்த்து நாங்கள் பயப்படுகிறோம். இதற்கு நடிகர் போதும், கிராபிக்ஸ் வேண்டாம்.

எங்களுக்கும் அப்படியொரு நடை தெரியும். 2022இல் காஸ் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து வீதியோரம் வரிசையில் விட்டுவிட்டுப் போன சனம், திரும்பி வரும்போது முதலில் பார்த்தது பூட்டைத்தான். லிஃப்ட் நின்ற தொடர்மாடியில் எட்டாம் மாடிக்குத் தண்ணி தூக்கினவர்கள் எந்தப் படியில் வாளியை வைத்து மூச்சு வாங்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு பாத்திரங்களும் இப்படித்தான் நடப்பார்கள்.

மிச்சம் இருந்தது காரணம். உலகம் ஏன் அழிந்தது? கொரோனா வைரஸா, குண்டா, கடலா? அல்பொன்சோ குவாறோனின் 'சில்ரன் ஒஃப் மென்' (2006) அதற்குத் துணிவு தந்தது. 2027இல் நடக்கிற கதை. பதினெட்டு வருசமாக உலகத்தில் குழந்தையே பிறக்கவில்லை. ஏன் என்று படம் கடைசி வரை சொல்லாது. நீளமான ஷொட்டுகளில் கமரா நாயகனோடு நடந்துகொண்டே, பின்னால் கூண்டில் அடைபட்டிருக்கிற அகதிகளைப் பார்த்துவிட்டுப் போகும். விளக்கம் கிடையாது, ஆனால் எல்லாம் கண்ணில் படும். "எங்களுக்கும் காரணம் தேவையில்லை மச்சான், பின்னணி போதும்" என்று எங்களில் ஒருவன் சொன்னான். எல்லாரும் தலையாட்டினோம்.

அதற்குப் பிறகுதான் சண்டை.

"அப்ப வன்னிக்குப் போவம். அங்க இன்னும் இடிஞ்ச வீடுகள் நிக்குது. செட்டே போடத் தேவையில்லை" என்றான் அவனே. இதில் அவன் தனி ஆள் இல்லை. 'தி ரோட்' (2009) படத்தின் சில பகுதிகளை, 2005இல் கத்ரீனா புயல் சிதைத்த லூசியானாவில்தான் எடுத்தார்கள். எங்கள் குழுவில் முல்லைத்தீவில் சொந்தங்கள் உள்ள ஒருத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "காரணம் சொல்லாத படத்துக்குள்ள அந்த வீட்டக் கொண்டுவந்து வச்சா, அந்த வீட்ட இடிச்சது ஆர்?"

அந்த இரவு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மணி வரை வாக்குவாதம். படம் எடுத்தால் அதுவும் ஒரு சாட்சிதானே என்று ஒரு பக்கம். மறுபக்கம் சொன்னது இது: கற்பனை அழிவில் காரணத்தை மறைப்பது உத்தி. உண்மையாக இடிந்த சுவரில் அதையே செய்தால் மறைப்பு. ஷெல் துளைத்த சுவர் திரையில் 'ஏதோ ஒரு பேரழிவு' ஆகிவிடும். யார் அடித்தது, யார் செத்தது, எந்த வருசம் என்ற கேள்வியெல்லாம் அழகான ஒளியில் கரைந்துவிடும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் வீதியோரத்தில் போட்டோவோடு இருக்கிற நாட்டில் அதைச் செய்ய ஏலாது. இரண்டாவது பக்கம்தான் வென்றது. வன்னியைப் பற்றிப் படம் எடுக்கக் கூடாது என்று இல்லை. எடுத்தால் பெயரோடும் ஆண்டோடும் எடுக்க வேண்டும். அது வேறு படம்.

அப்ப எங்கள் அழிவு எங்கே? திரும்பி எங்கள் வீதிகளையே பார்த்தோம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இன்றைக்குப் போய்ப் பாருங்கள், ஒரு கரிக்கோடு தெரியாது. தொடர்மாடி, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை. எங்கள் மாடியில் இருக்கிற ஒரு அம்மம்மா மட்டும் பல்கனியில் நின்று "அதில ஒரு மாமரம் நிண்ட வீடு இருந்தது பிள்ளை" என்று ஒரு கார் பார்க்கைக் காட்டுவா. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் 2019 ஏப்ரல் 21 குண்டு வெடித்தது. அதே ஆண்டிலேயே திருத்தித் திறந்துவிட்டார்கள். இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரியோடு போகிறார்கள்.

வெளிநாட்டுப் படங்களில் அழிவு என்றால் எதிர்காலம். அதற்கு இடிபாடு கட்டாயம் வேண்டும். எங்கள் ஊரில் அழிவு வந்து போன பிறகும் கட்டடம் நிற்கிறது, மாடிக்கு மேல் மாடி ஏறுகிறது. விமுக்தி ஜயசுந்தரவின் 'சுலங்க எனு பினிச' (2005) இதைச் சிங்களத்தில் ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறது. போருமில்லாத சமாதானமுமில்லாத ஒரு வெளியில் சிலர் சும்மா இருக்கிறார்கள், அதிகம் பேசுவதும் இல்லை. கான் விழாவில் கமரா டோர் விருது பெற்ற படம், தேடிப் பாருங்கள்.

ஆகவே எங்கள் படத்தில் இடிஞ்ச கட்டடம் ஒன்றுகூட வராது. மரைன் டிரைவ் பக்கமிருந்து ரயில் பாதையும் கடலும் (தண்டவாளத்தில் ஏற மாட்டோம்), லிஃப்ட் நின்ற படிக்கட்டு, கொட்டாஞ்சேனை ஒழுங்கை, மூன்றே இடம். அசையாத போட்டோக்களில் அந்தக் கார் பார்க்கும் வரும். மேலே அம்மம்மாவின் குரல், மாமரத்தைப் பற்றி. காரணம் சொல்லக் கூடாது என்ற விதியை அந்த ஒரு இடத்தில் மட்டும் மீறுகிறோம்: 1983 என்ற ஆண்டை அவ வாயாலேயே சொல்லுவா. குரல் தரச் சம்மதித்துவிட்டா. "என்ர பேரைப் போடாதேங்கோ, மரத்தைப் பற்றி மட்டும் வடிவாச் சொல்லுறன்" என்றா.

போட்டோக்கள் மட்டும்தான் இன்னும் போதவில்லை. எண்பதுகளின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீதிப் படங்கள் உங்கள் வீட்டு அல்பத்தில் இருந்தால் சொல்லுங்கோ. ஆட்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற படமாக இருந்தாலும் பரவாயில்லை. எங்களுக்கு வேண்டியது பின்னால் தெரிகிற வீடு.